பெருச்சாளித் துப்பாக்கிக்கு ஒரு மான் குண்டு

வெர்லா என்ற பெயரை நெட்ரா முதன்முதலில் கேட்டபோது, தன் கல்யாணத்தைக் கலைக்க வந்த பெயர் என்றுதான் நினைத்தாள். எல்வுட் ஸ்ட்ரூப் அப்போது அவளைப் பார்க்க வந்துபோய்க்கொண்டிருந்தான், இன்னும் வாய்விட்டு எதுவும் கேட்டிருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன், நெட்ராவின் அம்மா வைத்த மான் கறியை இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை லேசாகத் தள்ளினான்.

"என்ன தம்பி, கறி வேகலையா?"

"வெந்திருக்குங்க. வெர்லா கொண்டாற கறியில இந்த வாடை இருக்காது, அதான்."

நெட்ராவின் அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "யாருப்பா அந்த வெர்லா?"

"என் அக்காங்க," என்றான் எல்வுட், ஒன்றும் புரியாமல். "அவ சுட்டா மான் நின்ன இடத்துலயே விழுந்துரும். ஓடி ஓடிச் செத்த மான்தான் இப்படி வாடை அடிக்கும்."

அந்த மான் அப்பா சுட்டது. அவர் அன்றைக்கு எல்வுட்டிடம் மேற்கொண்டு பேசவில்லை. ஆனாலும் அடுத்த ஜூனில் கல்யாணம் நடந்தது. அங்கேதான் நெட்ரா அந்த அக்காவைக் கண்ணால் பார்த்தாள். நெடுநெடுவென்று வளர்ந்தவள், யாரிடமோ இரவல் வாங்கிய நீலப் பாவாடையில், எங்கே கை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கேக் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எல்வுட்டைவிட ஐந்து வயது மூத்தவள். அந்த மலைப்பக்கத்துப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதும் இல்லை.

பென்சில்வேனியாவின் அந்த வடக்கு மலைகளில், நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாள் கழிந்த திங்கட்கிழமை மான் வேட்டை தொடங்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, ஆகவே பஸ்ஸும் கிடையாது; மிச்ச நாட்களுக்கு வெர்லா லீவு போட்டுவிடுவாள். ஸ்ட்ரூப் குடும்பத்துக்கு மலை இடுக்கில் ஒரு குடில் உண்டு. எல்வுட்டின் தாத்தா கட்டியது. இரண்டு அறை, ஒரு இரும்பு அடுப்பு, சுவர் முழுக்கச் சட்டைத் துணி. குறி தவறியவனின் சட்டையில் பின்பக்கம் தொங்கும் நுனியை வெட்டி, பேரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள். அதில் யாருக்கும் விலக்குக் கிடையாது. எல்வுட்டின் அப்பா ஏமோஸின் கட்டம்போட்ட துணிகூட அங்கே இரண்டு தொங்கியது. பெரியப்பா மகன் ஹோபார்ட்டின் துணிகளைச் சேர்த்துத் தைத்தால் ஒரு மெத்தை உறை வரும் என்பார்கள். வெர்லாவின் பேரில் அங்கே ஒரு துண்டுத் துணிகூட இல்லை.

ஏமோஸ் சாகும்போது இரண்டு துப்பாக்கிகளை விட்டுவிட்டுப் போனார். மான் சுடுகிற பெரியதை வெர்லாவுக்கு என்று சொல்லிவிட்டார். எல்வுட் முகம் சுருங்கினாலும் வாயைத் திறக்கவில்லை, யார் நன்றாகச் சுடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். இன்னொன்று சின்னது, குழல் சுண்டுவிரல்கூட நுழையாது. கிரவுண்ட்ஹாக் என்று அந்த ஊரில் ஒரு பிராணி, பெருச்சாளி மாதிரி, ஆனால் பூனையைவிடப் பெரிசு. புல்வயலில் வளை தோண்டிப்போடும், மாடு காலை விட்டு ஒடித்துக்கொள்ளும். அதைச் சுடுவதற்கான துப்பாக்கி. அது யாருக்கும் என்று சொல்லப்படாமல் வெர்லாவின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றது. ஜூலை மாதம் புல் அறுத்த பிறகு அவள் அதை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து வயல்களுக்குப் போய் வருவாள்.

அறுபதாவது வயதில், ஒரு வசந்தகாலத்தில், வெர்லாவுக்கு வலது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளுக்குள்ளும் தோண்டினார்கள். பிறகு நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று, வந்தது. பசி போயிற்று, வந்தது. இரண்டு மட்டும் திரும்பவில்லை. வலது தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே தொட்டால் தெரியவில்லை. இரண்டு கை விரல் நுனிகளும் மரத்துப்போயின.

நெட்ரா தினமும் போய் வந்தாள். வெர்லா கொதிக்கிற காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் பிள்ளைகள் பண்ணும் கூத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாள். விரல்கள் சிவந்திருக்கும். நெட்ரா கோப்பையை வாங்கி மேசையில் வைப்பாள்.

"வலிக்குதா?"

"வலிச்சாத்தான் தேவலையே. ஒண்ணுமே இல்ல, நெட்ரா. யாரோ ஒருத்தரோட தோளை எனக்கு ஒட்டவச்ச மாதிரி இருக்கு."

அப்பாவின் பெரிய துப்பாக்கியை அடுத்த வருஷக் கோடையில் ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் குளிக்க உதவிய நெட்ராதான் பார்த்தாள்: தழும்பைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. துப்பாக்கி தோளில் உதைத்தது வெர்லாவுக்குத் தெரியவே இல்லையாம். வைத்தியர் அந்தத் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வெர்லா அதை எண்ணெய் போட்டுத் துடைத்து, துணியில் சுற்றி, எல்வுட்டின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். பிறகு கதவுக்குப் பின்னால் இருந்த சின்னதை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஆகஸ்டில், சோளக்கதிர் அவித்துத் தின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம், எல்வுட்டுக்கு விஷயம் தெரிந்தது.

"பெருச்சாளித் துப்பாக்கியால மானா? கூச்சமா இல்ல உனக்கு?"

"சட்டத்துல இடம் இருக்கு," என்றாள் வெர்லா.

"சட்டம் விடும், நான் விடணுமே. அந்தக் குண்டு மான் தோள்ல பட்டதும் பொடிப்பொடியாப் போயிரும். மான் புண்ணோட ஓடும். எங்கயோ புதர்ல கிடந்து மூணு நாள் சாகும். நம்ம அப்பா இடத்துல உட்கார்ந்துகிட்டு அந்த வேலையப் பண்ணப் போறியா?"

அப்பா இடம் என்பது குடிலுக்கு மேலே ஒரு பீச் மரத்தடி. கீழே ஊற்று, ஊற்றுக்கு வரும் மான் பாதை முழுவதும் அங்கிருந்து தெரியும். ஏமோஸுக்குப் பிறகு முப்பது வருஷமாக வெர்லாதான் அங்கே உட்கார்ந்தாள். இப்போது எல்வுட்டின் மருமகன் ராய்ஸ் அந்த இடத்துக்காகக் காத்திருக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவன் கேட்கவில்லை, நல்ல பையன்தான். அவன் மாமியார் நெட்ராவுக்கு அதைப் பற்றி நினைக்கவே சங்கடமாக இருந்தது.

"நான் சொல்றத கேட்டுக்கோ," என்றான் எல்வுட். "இந்த வருஷம் போ. ஒழுங்கா ஒண்ணை விழத்தட்டினா இடம் உன்னுது. தப்பு பண்ணினே, அடுத்த வருஷத்துலேர்ந்து கீழ அடுப்படியில நெட்ராகூட இரு. பீன்ஸ் வேகவைக்க ஒரு ஆள் வேணும்."

"பீன்ஸ் உன்னால வேகவைக்க முடியாதா?" என்று கேட்டுவிட்டு வெர்லா சோளக்கதிரைக் கடித்தாள்.

அந்த வீட்டில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருந்ததில்லை. வெளியூர்ப் பயணம், புதுக் கார், புதுத் துணி எதையும் அவள் கேட்டு நெட்ரா பார்த்ததில்லை. வருஷத்தில் இரண்டு வாரம் அந்த மரத்தடி. அவ்வளவுதான் அவள் கணக்கு.

மனசு கேட்காமல் எல்வுட்டே அடுத்த வாரம் ஒரு பெட்டித் தோட்டா வாங்கி வந்து கொடுத்தான். அதே சின்னக் குழலுக்கான தோட்டாதான், ஆனால் முனையில் நீளமான, கனமான குண்டு. நுனியில் ஈயம் மழுங்கலாகத் தெரிந்தது. "மானுக்குக் கனம் வேணும், வெர்ல். கனம் இருந்தா உள்ள போகும். அவ்வளவுதான் விஷயம்."

நெட்ராவும் வெர்லாவும் ஊருக்கு வெளியே ஜல்லிக் குழிக்குப் போனார்கள். நெட்ராதான் வண்டி ஓட்டினாள், துப்பாக்கிப் பையைத் தூக்கினாள், காகிதத்தை அட்டையில் குத்தி நட்டாள். வெர்லா மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து, அதன் அடிக்கட்டை தோளில் பதிந்திருக்கிறதா என்று நெட்ராவைக் கேட்டாள்.

"பதிஞ்சிருக்கா?"

"கொஞ்சம் கீழ. ம். இப்ப சரி."

முதலில் வழக்கமான பெருச்சாளிக் குண்டு. போய்ப் பார்த்தால் ஓட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இருந்தன. ஒரு சட்டைப் பித்தானால் எல்லாவற்றையும் மூடிவிடலாம். பிறகு எல்வுட் கொடுத்த கனக் குண்டு. ஒன்று அட்டையின் மேல் மூலையில், ஒன்று கீழே, ஒன்று காணவே இல்லை. பட்ட இடத்திலும் வட்டமாக ஓட்டை இல்லை.

"இது என்ன இது, சாவித் துவாரம் மாதிரி இருக்கு?" என்றாள் நெட்ரா.

வெர்லா குனிந்து பார்த்தாள். குண்டு நேராக வராமல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வந்து அறைந்திருந்தது. அந்தப் பழைய குழலின் உள்ளே ஓடி, குண்டைச் சுழற்றி அனுப்பும் திருகுப் புரி தளர்வானது. குட்டைக் குண்டு என்றால் அதற்கு அந்தச் சுழற்சி போதும். நீளக் குண்டுக்குப் போதாது. சாட்டையை மெதுவாக இழுத்து விட்ட பம்பரம்போலத் தலையாட்டிச் சாய்ந்துவிடும். பெருச்சாளி சுடுகிறவர்களுக்கு இது தெரியும். மான் சுடுகிறவர்கள் பலருக்கு இது ஒருநாளும் தேவைப்படாத விஷயம்.

எல்வுட் நம்பவில்லை. காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"தோள் நடுங்கியிருக்கு. அதான்."

"நடுங்கினா தள்ளி விழும்டா. படுத்துக்கிட்டா விழும்?"

"கனமான குண்டு எங்கயாவது படுக்குமா? நான் நாப்பது வருஷமா சுடறேன்."

"உன் துப்பாக்கியில."

அவள் பெட்டியை மூடி அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். அவன் அதைத் தன் வேட்டைக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஆக, நேராகப் போகும் குண்டு உள்ளே போய் உடையும். உடையாத குண்டு நேராகப் போகாது. செப்டம்பர் முழுக்க வெர்லா இதையே யோசித்தாள், பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து சமையலறையில் உட்கார்ந்து. நெட்ரா அவள் வீட்டுப் பழைய செய்தித்தாள்களைத் துணி துவைக்கும் தொட்டியில் ஊறப்போட்டாள், பழைய தொலைபேசிப் புத்தகங்களையும் சேர்த்து. ஊறியதை அட்டைப் பெட்டிகளில் அடுக்கி ஜல்லிக் குழிக்குக் கொண்டுபோவார்கள். மான் உடம்புக்குப் பதில் அது. பெருச்சாளிக் குண்டு முதல் தொலைபேசிப் புத்தகத்தைத் தாண்டவில்லை. காகிதக் கூழைப் பிசைந்து பார்த்தால் மிளகுபோல ஈயத் துணுக்குகள்தான் கிடைத்தன.

பிறகு பக்கத்து ஊர்க் கடைக்காரன் ஒருத்தன் செம்புக் குண்டு போட்ட தோட்டா வரவழைத்துக் கொடுத்தான். ஈயமே இல்லை, முழுக்கச் செம்பு. குட்டை, கனம் இல்லை, நுனியில் ஊசி நுழைகிற அளவுக்குக் குழி.

"இத வச்சு என்ன சுடப்போறீங்க, வெர்லா அம்மா? கொசுவா?"

"என் பஸ் பிள்ளையா இருந்தப்பவே நீ வாயாடி," என்றாள் வெர்லா.

அது நேராகப் போனது. ஊறிய காகிதத்தில் எவ்வளவோ ஆழம் போனது. நெட்ரா முழங்கை வரைக்கும் கையை விட்டுத் தேடி எடுத்தாள். செம்பு நான்கு இதழாக விரிந்திருந்தது. ஒரு துணுக்குக்கூட உதிரவில்லை. நெட்ரா அதை வெர்லாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"வெதுவெதுன்னு இருக்கு பாரு."

"அப்படியா?" என்றாள் வெர்லா. கையை மூடித் திறந்தாள். "நல்லது."

தோளுக்குப் பின்னால் விலாவில் மட்டும் சுடுவது, தோள் எலும்பில் சுடுவதில்லை, ஊற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மானைச் சுடுவதில்லை என்று அவளாகவே முடிவு செய்தாள். எல்வுட்டிடமும் சொன்னாள். எல்வுட் அந்தச் செம்புத் தோட்டாவை இரண்டு விரலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "குழந்தை மாத்திரை மாதிரி இருக்கு," என்றான்.

அந்த வருஷம் நெட்ராவும் குடிலுக்குப் போனாள். வழக்கமாக அவள் போவதில்லை. வெர்லாவால் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்ட முடியவில்லை. அதற்காகப் போனாள். அப்படியே சமையலும் அவள் தலையில் விழுந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் பனி காலடியில் நொறுங்கியது. பக்வீட் மாவில் சுட்ட அடையும் மேப்பிள் பாகும் தின்றுவிட்டு ஆண்கள் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். நெட்ரா தண்ணீர் கொண்டுவர வெளியே போய்த் திரும்பியபோது எல்வுட் அலமாரிக்குப் பக்கத்தில் நின்று வெர்லாவின் தோட்டா உறையைப் பொத்தானிட்டுக்கொண்டிருந்தான்.

"ஈரமா இருந்துச்சு. துடைச்சு வச்சேன்," என்றான்.

நல்ல மனுஷன் என்றுதான் நெட்ராவுக்குத் தோன்றியது. மண்டியிட்டு வெர்லாவின் பூட்ஸைக் கட்டி முடித்தாள்.

வெளிச்சம் நன்றாக வந்த பிறகு மலைமேல் எங்கெங்கோ வெடிச் சத்தங்கள். பெரிய துப்பாக்கிகள், பள்ளத்தாக்கு முழுக்க உருண்டு அடங்கும். நடுவில் ஒரே ஒரு தடவை, காய்ந்த குச்சி ஒடிந்த மாதிரி, சின்னதாக ஒன்று. நெட்ரா அடுப்பில் வாணலியைப் போட்டாள். முதல் நாள் ஈரல் வதக்குவது அந்தக் குடிலின் வழக்கம். வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். நிறையவே நறுக்கிவிட்டாள்.

வெர்லா வந்தபோது அவள் கையில் ரத்தம் இல்லை.

"கிடா மான்," என்றாள். "பக்கவாட்டுல நின்னுச்சு. ஊத்துக்கு இந்தப் பக்கம். விட்டுட்டேன்."

எல்வுட்டும் ஹோபார்ட்டும் ராய்ஸும் போய் மத்தியானம் வரைக்கும் பனியில் தடம் பார்த்தார்கள். மலை உச்சி வரைக்கும் அந்தக் கிடாவின் பின்னாலேயே போனார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஒரு முடி உதிர்ந்திருக்கவில்லை. சுத்தமாகக் குறி தவறியிருந்தது. மானுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எல்லாருக்கும் ஆறுதல்தான். வெர்லா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து தன் வலது தோளை இடது கையால் அழுத்திக்கொண்டே இருந்தாள், அங்கே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"தோளுதான்," என்றாள் நெட்ராவிடம், மெதுவாக. "எல்வுட் சொன்னது சரி. உடம்பு போச்சு."

ஹோபார்ட் கத்தரியோடு வந்தான். "முப்பது வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்! என் துணிக்குப் பக்கத்துலயே இடம் ஒதுக்கி வச்சிருக்கேன், வெர்லா. குளிருக்கு ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கட்டும்."

வெர்லா எழுந்து திரும்பி நின்று, கால்சட்டைக்குள்ளிருந்து சட்டையின் பின்பக்கத்தை உருவி வெளியே விட்டாள். வெட்ட வேண்டியது குடிலின் மூத்த ஆண். எல்வுட்டிடம் கத்தரியை நீட்டினான் ஹோபார்ட். எல்வுட் வாங்கவில்லை.

"விடு. இந்த வருஷம் வேணாம்."

"ஏன் வேணாம்?" என்றாள் வெர்லா.

"உடம்பு சரியில்லாதவ நீ."

"அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த வருஷம்கூட வெட்டினோம். வெட்டு."

"வேணாம்னா விடேன்!"

அவன் கத்தினான். யாரும் எதிர்பார்க்கவில்லை. வெர்லா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, ஜாம் திருடினதைக் கண்டுபிடித்து வளர்த்தவள் அவள். பிறகு அலமாரிக்குப் போய்த் தன் தோட்டா உறையை எடுத்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசைமேல் கவிழ்த்தாள்.

தோட்டாக்கள் உருண்டு வந்து நின்றன. எல்லாவற்றின் நுனியிலும் ஈயம் சாம்பல் நிறத்தில் மழுங்கித் தெரிந்தது.

"இது என்னுது இல்லையே," என்றாள்.

ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள்.

"நான் இருட்டுல போட்டேன். விரல்ல தெரியல." யாரையும் குற்றம் சொல்கிற குரலே இல்லை அது. "என் செம்பு எங்க, எல்வுட்?"

எல்வுட் கோட்டுப் பையில் கைவிட்டான். வெளியே எடுத்துவைத்தபோது செம்பு பளபளவென்று மேசையில் கிடந்தது.

"அக்கா," என்றான். அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டு நெட்ரா கேட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. "அந்தப் பொடிக் குண்டு மானை நொண்டியாக்கிரும்னு பயந்தேன். அப்புறம் உன்னை நானே கீழ உட்காரச் சொல்லணும். அது முடியாதுன்னுதான். நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன்."

"நான் படுத்துக்கிட்டு வருதுன்னு சொன்னேனே."

"உன் தோளுன்னு நினைச்சேன்."

"ம்," என்றாள் வெர்லா. "இன்னிக்குக் காலையிலேர்ந்து நானும் அப்படித்தான் நினைச்சேன்."

ஹோபார்ட்டுக்கு அமைதி ஒத்துக்கொள்ளாது. கத்தரியை விரலில் சுற்றினான். "அப்ப இப்ப யாரு சட்டைய வெட்டறது? குண்டு இவனுது. விரல் இவளுது. ஆளுக்குப் பாதியா?"

"என் சட்டைதான்," என்றாள் வெர்லா. "போடறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல பார்த்திருக்கணும். பார்க்கல. வெட்டுடா எல்வுட்."

அவன் வெட்டினான். துணி கோணலாகப் போனது.

"உனக்குத்தான் நடுங்குது," என்றாள் அவள், திரும்பாமலே.

பேரையும் வருஷத்தையும் அவளே எழுதினாள். பென்சில் பிடியில் நிற்காமல் எழுத்துகள் சரிந்து போயின. ஹோபார்ட் ஆணி அடித்தான். நெட்ரா காத்திருந்தாள். வெர்லா அழுவாள் அல்லது ஏதாவது எடுத்து எறிவாள் என்று. தான் அவள் இடத்தில் இருந்தால் வாணலியை எறிந்திருப்பாள். வெர்லா மேசையில் உட்கார்ந்து பீன்ஸும் பன்றிக்கறியும் சாப்பிட்டாள். இன்னொரு துண்டு ரொட்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். ஈரல் இல்லாத வெங்காயத்தை என்ன செய்வதென்று நெட்ராவுக்குத் தெரியவில்லை. பீன்ஸிலேயே கொட்டினாள்.

புதன்கிழமை காலையில் பூட்ஸைக் கட்டும்போது வெர்லா சொன்னாள், "நீயும் வாயேன். தோட்டாவை நீ பார்த்துக் கொடு."

நெட்ரா அதற்குமுன் அந்த மரத்தடிக்குப் போனதில்லை. குளிர் முதலில் காலில் ஏறி, பிறகு முகத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் எதுவும் தெரியாமல் போயிற்று. வெர்லாவுக்கு எல்லா நாளும் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தாள். வெளிச்சம் வந்ததும் ஒவ்வொரு தோட்டாவாகத் தூக்கிப் பார்த்து, செம்புதான் என்று வாய்விட்டுச் சொல்லி, அவள் கையில் கொடுத்தாள். கட்டை தோளில் பதிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொன்னாள்.

கிடா ஒன்று பெட்டை மான்களுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. வெர்லா அது பக்கவாட்டாக நிற்கும் வரை காத்திருந்தாள். குச்சி ஒடிகிற சத்தம். கிடா ஒருமுறை துள்ளி, ஊற்றைத் தாண்டி ஓடி, அங்கே நின்று, தள்ளாடி, முன்னங்காலை மடித்து விழுந்தது.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு வெர்லா."

"சரி."

உடனே போகக்கூடாது, கொஞ்சம் பொறுக்க வேண்டும். பொறுத்தார்கள். நெட்ராவுக்குக் கண்ணீர் வரும் என்று தோன்றியது, வரவில்லை. வெர்லா காலித் தோட்டாவைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, மூக்கைத் துடைத்தாள்.

எல்வுட் சத்தம் கேட்டு ஏறி வந்தான். கிடாவைத் தானே அறுத்துச் சுத்தம் செய்தான். விலாவின் இந்தப் பக்கம் நுழைந்த குண்டு நுரையீரல் இரண்டையும் துளைத்து அந்தப் பக்கம் வெளியேறியிருந்தது. கறி கெடவில்லை. ரத்தக் கையைப் பனியில் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தான்.

"நீ சொன்னதுதான் சரி. இடம் உன்னுதுதான், வெர்ல். இனிமே நான் வாயே திறக்கமாட்டேன்."

"ராய்ஸுக்குக் குடு."

"என்ன?"

"ராய்ஸுக்குக் குடுன்னேன்."

"கோவமா? நாந்தான் தப்புன்னு ஒத்துக்கிட்டேனே."

"கோவமெல்லாம் இல்ல." அவள் யோசித்துப் பார்த்தாள். கோபம் எங்காவது இருக்கிறதா என்று உண்மையிலேயே தேடியதுபோலத்தான் நெட்ராவுக்குப் பட்டது. "இங்க வந்து உட்கார்ந்தா, கிளம்பறதுக்கு முன்னாடி என் உறையில யாரு கைய விட்டாங்கன்னு யோசிப்பேன். அத யோசிச்சுக்கிட்டு நான் உட்கார வேணாம். அவ்வளவுதான்."

எல்வுட் கிடாவின் கொம்பில் கயிற்றைக் கட்டினான். மூன்று பேருமாக இழுத்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். நடுவழியில் வெர்லா மூச்சு வாங்க நின்றபோது அவன் தன் கையுறைகளைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் குடிலுக்குப் போகவில்லை. தன் வீட்டுக்குப் பின்னால், சோள வயல் காட்டைத் தொடுகிற வேலியோரம், ஒரு பழைய பஸ் இருக்கையைப் போட்டு உட்கார்ந்தாள். நெட்ரா கூடவே போய் உட்கார்ந்து தோட்டாவைப் பார்த்துக் கொடுத்தாள். சில வருஷம் மான் விழுந்தது, சில வருஷம் வரவேயில்லை. விழுந்த வருஷங்களில் ஒரு தொடையை எல்வுட்டுக்கு அனுப்பினாள். அவன் அவள் விறகைப் பிளந்து அடுக்கிக் கொடுத்தான், வண்டிக்கு பிரேக் மாற்றிக் கொடுத்தான். நன்றித் திருநாளுக்கு ஒரே மேசையில் உட்கார்ந்து பனியைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி ஒரு சொல் வராது. சண்டை போட்டிருந்தால் ஒருவேளை தீர்ந்திருக்கும் என்று நெட்ரா நினைப்பாள். சண்டை போடுவதற்கு இரண்டு பேரிடமும் எதுவும் மிச்சமில்லை.

எல்வுட் ஒரு மார்ச் மாதம் மாட்டுக் கொட்டகையில் விழுந்து இறந்தான். வெர்லா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கடைசிவரை நின்றாள். பலரும் அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நெட்ராவிடம், "எத்தனை பேரு பிடிச்சாங்கன்னே தெரியல," என்றாள். துக்கத்தைச் சொன்னாளா, விரலைச் சொன்னாளா என்று நெட்ரா கேட்கவில்லை.

பீச் மரத்தடியில் ராய்ஸ் உட்காருகிறான். நன்றாகச் சுடுகிறான்.

இரண்டு வருஷமாக வெர்லா வேட்டை அனுமதிச் சீட்டு வாங்கவில்லை. எண்பதைத் தொடப்போகிறாள். படியேற முடியாது என்பதால் கட்டிலைக் கீழ் அறைக்கு இறக்கிவிட்டார்கள். அதே வீட்டில், அந்தக் கீழ் அறையில் வெர்லா இப்போது இருக்கிறாள்; சின்னத் துப்பாக்கி பழையபடி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது.